வல்லூறு பேரில் ஆடியவள்

ருத்பா எல்லைச் சாவடி,
20 ஜனவரி 2022

அருமைத் தங்கை பனீனுக்கு,

உன் மேலும் அம்மா மேலும் இறைவனின் சாந்தி இறங்கட்டும். நான் சுகமாக வந்து சேர்ந்தேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற விடாதே.

இங்கே வந்த அன்றே கைபேசிகளை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். போன வருடம் யாரோ வீட்டுக்கு அனுப்பிய படத்தை வைத்துச் சாவடி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தாக்கினார்களாம். ஆகையால் இனி காகிதம்தான். ரேஷன் லாரி ஓட்டும் ஜப்பார் நம்ம நாசிரியாக்காரர். பத்து நாளைக்கு ஒரு முறை வருகிறார். கடிதத்தை அவரிடம் கொடு. பிரித்துப் படிக்க மாட்டார், அவருக்கு எழுத்து தெரியாது என்று அவரே பெருமையாகச் சொன்னார்.

சுற்றிலும் மண். மண்ணைத் தவிர இருப்பது பருப்பும் சமூன் ரொட்டியும். நிலவியல் படித்தவனை மண்ணுக்கே அனுப்பிவிட்டார்கள், குறை சொல்ல முடியாது.

உன்னிடம் ஒரு வேலை. கம்ப்யூட்டர் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் இருக்கும் என் 'வல்லூறு' கணக்கை மூட விட்டுவிடாதே. வாரம் ஒரு ஆட்டமாவது ஆடாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். கடவுச்சொல் அம்மா பிறந்த ஊரும் வருடமும். நீ என் பின்னால் உட்கார்ந்து வருடக்கணக்காகப் பார்த்தவள், எப்படியோ சமாளிப்பாய். என் அணியில் ஆடும் ஹுமாமும் மற்ற இருவரும் நான்தான் இங்கிருந்து ஆடுகிறேன் என்று நினைக்கட்டும். மைக்கைத் தொடாதே. அதிகாரிகள் பேச விடுவதில்லை என்று எழுத்தில் தட்டிவிடு.

இன்னொன்று. கம்ப்யூட்டரில் 'பாடங்கள்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதைத் திறக்காதே, குறிப்புகள் கலைந்துபோகும்.

அம்மாவின் கையை எனக்காக முத்தமிடு.

உன் அண்ணன்,
கர்ரார்


நாசிரியா,
9 பிப்ரவரி

என் கண்ணான அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். அம்மா மாடிப்படி ஏறக் கூடாது என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அவன் அங்கேருந்து என்னை அதட்டுறானா?" என்று கேட்டுவிட்டு உடனே மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்தார். உனக்குச் சளி பிடித்திருக்கிறதா? எழுத்து நடுங்கியிருக்கிறது.

மருந்தியல் வகுப்பு முடிந்து வந்ததும் மாலை அஸர் தொழுகை நேரத்தில் ஒரு ஆட்டம் ஆடுகிறேன். முதல் செய்தியே கெட்ட செய்தி. தோற்றேன். மறுபடி ஆடினேன், மறுபடி தோற்றேன். பதினெட்டு ஆட்டம் வரிசையாக. வல்லூறு தரவரிசையில் இருநூறு படி கீழே விழுந்துவிட்டது. உன் நண்பர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்பாய். "பட்டாளத்துல பருப்பு தின்னு தின்னு இவன் கண்ணு மங்கிடுச்சுடா" என்கிறான் ஹுமாம். எனக்குப் பதில் சொல்ல வாய் துறுதுறுக்கிறது. மைக்கின் வயரையே பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.

என்னை மன்னித்துக்கொள். வேண்டுமானால் நிறுத்திவிடுகிறேன். ஆனால் எனக்கு நிறுத்த மனமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் கம்ப்யூட்டரில் குப்பை நிறைய இருந்தது. வேகமே இல்லை. கூட்டித் தள்ளினேன். உன் பாடங்களைப் பற்றிக் கவலைப்படாதே, அவற்றை நீயே தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியும்.

விடுப்பு எப்போது?

உனக்காகத் துஆ செய்யும்,
பனீன்


ருத்பா,
27 பிப்ரவரி

தங்கைக்கு,

சலாம். சளி இல்லை, குளிர். கையுறையோடு எழுதினேன். அம்மாவை அதட்டுவதை விட்டுவிட்டேன் என்று சொல்.

தரவரிசை விழுந்ததற்கு வருத்தப்படாதே. நீ தோற்பது இயற்கை. யாராக இருந்தாலும் தோற்பார்கள். வாரம் ஒரு ஆட்டம் போதும்.

குப்பை என்று எதைச் சொல்கிறாய்?

எல்லையில் எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள். விடுப்பு எல்லாருக்கும் ரத்து. ஈகைப் பெருநாள் வரை எதிர்பார்க்காதே. உன் படிப்பைக் கவனி.

கர்ரார்


நாசிரியா,
30 மார்ச்

அன்பு அண்ணனுக்கு,

உன் மேல் சாந்தி உண்டாகட்டும். இரண்டு முறை ஜப்பார் வந்து வெறுங்கையோடு நின்றார். "தம்பி எதுவும் எழுதலைம்மா, எழுதினா குடுக்க மாட்டேனா?" என்று அவரே சங்கடப்பட்டார். சுகமாகத்தான் இருக்கிறாயா? அம்மாவுக்கு முழங்கால் தேவலை. நோன்புக்குச் சாமான் வாங்கியாகிவிட்டது. நீ இல்லாத நோன்பு இதுதான் முதல் தடவை, அம்மா அதைச் சொல்லிச் சொல்லி என்னையும் அழவைத்தார்.

குப்பை என்றால் பழைய படங்கள், பாதியில் நின்ற பதிவிறக்கங்கள், அந்த மாதிரி.

இப்போது நல்ல செய்தி. உட்கார்ந்து படி. வல்லூறு திரும்ப ஏறிவிட்டது. நீ விட்டுப்போன இடத்தையும் தாண்டி நாற்பது படி மேலே.

எப்படி என்று கேட்பாய். நானே முதலில் நம்பவில்லை. உங்கள் நாலு பேருடைய ஆட்டத்தில் ஒரு கோளாறு இருந்தது அண்ணா. வாய் ஓயாமல் பேசுவீர்கள். டீ, கால்பந்து, எவனுக்குக் கல்யாணம், எல்லாம். எனக்குப் பேச அனுமதி இல்லை. வாயை மூடினால் காது திறக்கிறது. சரளையில் நடப்பவன் ஒரு மாதிரி, மரத் தரையில் நடப்பவன் ஒரு மாதிரி, ஏணியில் நிற்பவன் மூச்சு கூட ஒரு மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் யார், எத்தனை பேர், தயங்குகிறானா, ஓடி வருகிறானா, எல்லாம் கேட்கிறது. ஹுமாம் போன வாரம், "டேய், இவன் ஊமையானதுக்கு அப்புறம்தான்டா மனுஷனா ஆடுறான்" என்றான். உனக்குக் கோபம் வராது என்றால் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

பெருநாளுக்குப் பிறகு வளைகுடா நாடுகளும் இராக்கும் சேர்ந்த போட்டி நடக்கிறது. ஹுமாம் நம் அணியின் பெயரைக் கொடுத்துவிட்டான். கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம், கொடுத்த பிறகுதான் சொன்னான். ஆடட்டுமா?

பனீன்


ருத்பா,
16 ஏப்ரல்

அருமைப் பனீனுக்கு,

நோன்பு ஏற்றுக்கொள்ளப்படட்டும். நான் சுகம். இஃப்தாருக்குப் பேரீச்சம்பழம் அனுப்பியது யார், நீயா அம்மாவா? சாவடி முழுக்க ஒரே நாளில் காலி செய்துவிட்டார்கள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ காதால் கேட்டா அவ்வளவு தூரம் ஏறினாய்? வேறு எதுவும் இல்லையே? கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதே. அந்த இடத்துக்கு வர எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

இங்கே காவல் நிற்கும்போது நானும் கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். காற்றும் ஸைஃபின் குறட்டையும்தான் கேட்டது. ஸைஃப் என் கூட நிற்பவன், பஸ்ராக்காரன், நின்றுகொண்டே தூங்குவான்.

போட்டியில் ஆசை இருந்தால் ஆடு. முதல் சுற்றிலேயே போய்விடுவீர்கள், பெரிய ஊர்க்காரர்கள் எல்லாம் வருவார்கள். அதனால் ஒன்றும் ஆகாது.

கர்ரார்


நாசிரியா,
14 மே

அன்பு அண்ணனுக்கு,

பெருநாள் வாழ்த்து. இந்த வருடமும் எல்லா வருடமும் நலமாக இருப்பாயாக. ஜப்பாரிடம் பெருநாள் பலகாரம் க்ளேச்சா அனுப்பியிருக்கிறேன். பேரீச்சம்பழம் வைத்தது உனக்கு, வால்நட் வைத்தது ஸைஃபுக்கு. ஊரெல்லாம் புழுதிப் புயல். அம்மாவுக்கு இரண்டு நாள் இருமல், இப்போது இல்லை.

முதல் சுற்றில் நாங்கள் போகவில்லை. இரண்டாவதிலும் போகவில்லை. பதினாறு அணிகளில் ஒன்றாக நிற்கிறோம். அதற்குள் இரண்டு சம்பவம் நடந்துவிட்டது, வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எங்களிடம் தோற்ற அணி புகார் கொடுத்தது. வல்லூறு திடீரென்று பத்து விநாடி உறைந்து நிற்கிறான், பிறகு பாய்ந்து சுடுகிறான், வேண்டுமென்றே இணையத்தை அறுத்துவிட்டு ஏமாற்றுகிறான் என்று. உனக்குப் புரிந்திருக்கும். அரசுக் கரண்ட் போய்த் தெரு ஜெனரேட்டர் பிடிக்கும் அந்தப் பத்து விநாடி, கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடும், இணையம் நின்றுவிடும். ஆனால் நடுவர் உஸ்தாத் நஸ்ஸார் துபாயில் இருக்கிறார். அங்கே கரண்ட் போவது என்றால் என்னவென்றே தெரியாதாம். நிரூபி என்று எழுதினார்.

நான் ஜெனரேட்டர்காரர் அபூ ரகதிடம் போனேன். அவர் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நேரத்தை நோட்டில் குறித்துவைப்பார் இல்லையா, சந்தாதாரர்கள் சண்டைக்கு வந்தால் காட்ட. "எதுக்கும்மா உனக்கு இது?" என்றார். விளையாட்டுக்கு என்றேன். பதினைந்து வருடத்தில் தன் நோட்டைப் பெரிய இடத்தில் கேட்டது இதுதான் முதல் தடவை என்று பரவசப்பட்டு, இரண்டு வாரத்து நேரத்தையும் தன் கையால் எழுதி, கீழே முத்திரையும் குத்திக் கொடுத்தார். வல்லூறு உறைந்த நேரமும் அவர் நோட்டும் நிமிடத்துக்கு நிமிடம் பொருந்தியது. உஸ்தாத் நஸ்ஸார் மன்னிப்புக் கேட்டு எழுதினார்.

அபூ ரகத் பரவசத்தோடு நிற்கவில்லை. விளையாட்டுக்காக நான் நோட்டுக் கேட்டு வந்ததைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் மதியம் ஹுமாம் வாசலில் வந்து நிற்கிறான். அம்மாதான் பேசினார், நான் உள்ளே கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"அத்தை, கர்ரார் விடுப்புல வந்திருக்கானா?"

"எங்கடா வந்தான். பெருநாளுக்கே வரலையே."

"அப்போ நேத்து எங்க கூட ஆடினது யாரு?"

"என்னைக் கேட்டா? எம்பொண்ணு ரெண்டு மணி நேரமா காதுல எதையோ மாட்டிக்கிட்டுப் படிச்சுக்கிட்டு இருந்தா. பாவம், பரீட்சை."

ஹுமாம் கதவைப் பார்த்து, "தங்கச்சி, பாலத்து மேல என்னை ரெண்டு தடவை காப்பாத்தினது நீயா?" என்றான். ஆமாம் என்றேன். "அல்லாஹ். உன் எதிர்ல நான் எவ்வளவு கெட்ட வார்த்தை பேசியிருக்கேன்" என்று தலையில் கைவைத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து மூன்று பேரும் ஆட்டத்தில் மசூதியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஹுமாமே உஸ்தாத் நஸ்ஸாருக்கு உண்மையை எழுதிவிட்டான், கணக்கு அண்ணனுடையது, ஆடுவது தங்கை என்று. ஒரே வீட்டார் ஒரு கணக்கில் ஆடலாம், ஆனால் முன்கூட்டியே பெயர் கொடுத்திருக்க வேண்டும் என்பது விதியாம். இப்போதாவது என் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு நிபந்தனை. புகார் ஒரு முறை வந்துவிட்டதால், கணக்கைத் தொடங்கிய நாளிலிருந்து ஆடிய எல்லா ஆட்டத்தையும் சோதிப்பார்கள். அதற்குக் கணக்கின் சொந்தக்காரர் சம்மதம் எழுதித் தர வேண்டும். சம்மதம் இல்லையென்றால் ஏமாற்றியதாக எடுத்துக்கொண்டு அணியை நீக்கிவிடுவார்கள்.

சொந்தக்காரன் நீ. ஜூன் பதினைந்துக்குள் உன் கையெழுத்து வேண்டும். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். ஆனால் நன்றாக யோசித்துவிட்டுச் சொல்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
பனீன்


ருத்பா,
24 மே

பனீனுக்கு,

சலாம். அம்மாவின் இருமலுக்கு டாக்டரிடம் போனீர்களா? க்ளேச்சா வந்தது.

போட்டியிலிருந்து விலகிவிடு. கணக்கையும் அழித்துவிடு. இன்றே.

தெரு முழுக்க உன் பெயர் அடிபடுகிறது என்று நீயே எழுதுகிறாய், அது பெருமையா? நாலு ஆம்பளைகளோடு என் தங்கை உட்கார்ந்து விளையாடுகிறாள் என்று ஜெனரேட்டர்காரன் சொல்லித் திரிகிறான். நாளைக்கு உன்னைப் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அப்பா இல்லாத வீடு. நான் இல்லாத நேரம். குடும்பத்து மானம் என்று ஒன்று இருக்கிறது. ஹுமாம் நம் வாசலுக்கு வந்ததே தப்பு.

நான் எந்தச் சம்மதமும் எழுதித் தரமாட்டேன். இது அண்ணனின் முடிவு.

கர்ரார்


நாசிரியா,
31 மே

அண்ணனுக்கு,

சலாம். அம்மா சுகம்.

யூப்ரடீஸ் கரையில் தெருவே பார்க்க எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நீ. அன்று பெரியப்பா மானம் என்று கத்தியபோது, "உங்க மானம் ரெண்டு சக்கரத்துல விழுந்துடுமா பெரியப்பா?" என்று கேட்டவனும் நீ. பெரியப்பா பேசிய அதே வார்த்தைகளை இப்போது நீ எழுதியிருக்கிறாய். எனக்குப் பெரியப்பா மேல் அன்று வராத வருத்தம் உன் மேல் வருகிறது.

வேறு ஏதாவது சொல்ல இருந்தால் அதைச் சொல். நான் கேட்டுக்கொள்வேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

விடுப்பு திரும்பத் தொடங்கிவிட்டதாம், ஜூன் ஒன்பதாம் தேதி உன் முறை என்று ஜப்பார் சொன்னார். நேரில் பேசலாம்.

பனீன்


நாசிரியா,
9 ஜூன்

அண்ணா,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

ஜப்பார் நேற்று வந்தார். உன் விடுப்பை ஸைஃபுக்குக் கொடுத்துவிட்டாய் என்றார். அம்மா மசாலா தடவி ஊறவைத்த மீன் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார். "அவனுக்கு அங்கேயே பிடிச்சுப் போச்சு போல" என்றார். அந்த மீனை அபூ ரகத் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம்.

ஐந்து மாதமாக வராதவன் எங்களைப் பார்க்க வராமல் இருக்கிறான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அதை நீ எழுத வேண்டாம். எழுது என்று நான் இனிமேல் கேட்கவும் மாட்டேன்.

இன்று காலை உஸ்தாத் நஸ்ஸாருக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். உன் பெயருக்கு எதுவும் வராது. அடுத்த முறை விடுப்பு கிடைத்தால் பயமில்லாமல் வா. அம்மாவுக்கு உன்னைப் பார்க்க வேண்டும், எனக்கும்தான்.

உன் தங்கை,
பனீன்


ருத்பா,
9 ஜூன்

பனீனுக்கு,

இந்தக் கடிதத்தை ஸைஃப் கையில் கொடுத்தனுப்புகிறேன். பஸ்ரா போகும் வழியில் நம் வீட்டில் இறங்கிக் கொடுப்பான். அவனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்புங்கள். இன்னொரு கடிதம் உஸ்தாத் நஸ்ஸாருக்கு. ஊர் எல்லைக்குள் போய்க் கைபேசி கிடைத்ததும் அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மானம் என்று எழுதினேனே, அது பொய். உன்னை வைத்து என்னை மறைத்துக்கொண்டேன். அதை எழுதிய கையைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

'பாடங்கள்' ஃபோல்டரில் பாடம் இல்லை. ஒரு ஹேக் இருக்கிறது. அதை ஓட்டினால் சுவருக்குப் பின்னால் நிற்பவன் சிவப்பாகத் தெரிவான். 2020 நவம்பரிலிருந்து பட்டாளத்துக்குக் கிளம்பிய வாரம் வரை அதோடுதான் ஆடினேன். ஹுமாமுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அடக்கிவைத்துப் பயன்படுத்தினேன், சில நேரம் வேண்டுமென்றே குறி தவறினேன், யாரும் சந்தேகப்படக் கூடாது என்று.

நீ கேட்பாய், எதற்கு என்று. பட்டம் வாங்கி நாலு வருடம் வேலை இல்லாமல் இருந்தேன். காலையில் எழுந்ததும் போக ஒரு இடம் கிடையாது. அம்மாவின் பென்ஷனில் முடி வெட்டிக்கொண்டேன். முதல் முறை அந்த ஹேக்கோடு ஜெயித்த மறுநாள் டீக்கடையில் யாரோ, "நம்ம வல்லூறு வந்தாச்சு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். பனீன், அதற்கு முன்னால் அந்தக் கடையில் யாரும் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டதில்லை. ஒரு நாள் மட்டும் என்றுதான் நினைத்தேன்.

நீ ஏறிவிட்டாய் என்று எழுதியபோது உன்னையே சந்தேகப்பட்டேன். நீயும் அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துகிறாயோ என்று. திருடனுக்கு ஊரெல்லாம் திருடனாகத் தெரிகிறது. பிறகு கரண்ட் போன கதையைப் படித்தேன். ஹேக் வைத்திருப்பவள் ஜெனரேட்டர்காரர் நோட்டைத் தேடிப் போகமாட்டாள். அப்போதுதான் புரிந்தது, நான் பொய்யாக வாங்கிய பெயரை நீ நிஜமாக்கிக்கொண்டு இருக்கிறாய். அந்தப் பெயரே உன்னை இப்போது கீழே இழுக்கப் போகிறது.

விடுப்பைக் கொடுத்தது உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்துதான். துப்பாக்கியோடு எல்லையில் நிற்கிறவனுக்கு உன் முன்னால் வந்து நிற்க முடியவில்லை.

சம்மதம் எழுதிவிட்டேன். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்த நிரல், எந்தப் பொத்தான், எல்லாவற்றையும் உஸ்தாத் நஸ்ஸாருக்கு எழுதியிருக்கிறேன். ஹுமாமுக்கு நீயே சொல்லிவிடு. அம்மாவுக்கு நான் வந்து சொல்கிறேன்.

மன்னிக்க வேண்டும் என்று எழுதக் கை வரவில்லை. அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

கர்ரார்


நாசிரியா,
26 ஜூன்

என் உயிரான அண்ணனுக்கு,

உன் மேல் சாந்தியும் குளிர்ந்த காற்றும் இறங்கட்டும், இங்கே ஐம்பது டிகிரி. அம்மா சுகம். ஸைஃப் வந்தான், மூன்று தட்டு சோறும் ஒரு முழுக் கோழியும் சாப்பிட்டான், சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கினான். அம்மாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

அவன் தூங்கும்போதுதான் உன் கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுதேன். அழுது முடித்ததும் சிரிப்பு வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அண்ணா, எனக்கு அது தெரியும். பிப்ரவரியிலிருந்தே. நீ படித்த லட்சணம் தெரிந்தவள் நான், 'பாடங்களை'த் திறக்காதே என்று நீ எழுதினால் திறக்காமல் இருப்பேனா? திறந்தேன், பார்த்தேன், அழித்தேன். நான் கூட்டித் தள்ளிய குப்பை அதுதான். அன்று உன் மேல் அவ்வளவு கோபம். ஆனால் நீ எல்லைக்குப் போனபோது பையில் இருந்தது இரண்டு சட்டையும் அந்தப் பெயரும்தான். அதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு ஆட்டம் தோற்றேன் என்றேனே, அதில் பாதி வேண்டுமென்றே தோற்றது. பொய்யாக ஏறிய படியில் நிற்கப் பிடிக்கவில்லை. இறங்கிவிட்டு என் காலால் ஏறினேன்.

நீயும் வரவில்லை, சம்மதமும் தரவில்லை என்று ஒன்பதாம் தேதி உஸ்தாத் நஸ்ஸாருக்கு எழுதினேன் இல்லையா. என்ன எழுதினேன் என்றால், ஹேக் போட்டது நான், ஆரம்பத்திலிருந்தே நான்தான் ஆடினேன், அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது என்று. நீயும் அதே நாளில் எழுதியிருக்கிறாய். பன்னிரண்டாம் தேதி மதியம், ஸைஃப் இங்கே வந்து சேரும் முன்பே, துபாயிலிருந்து அழைப்பு வந்தது.

"மகளே, ஹேக் போட்டது நீங்கதானா?"

"நான்தான் உஸ்தாத்."

"சரி. சுவர் தெரியணும்னா எந்தப் பொத்தானை அழுத்தணும்?"

"வலது பக்கம்... ஏதோ ஒண்ணு."

"என்ன கலர்ல தெரிவாங்க?"

"பச்சை."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார், "உங்க அண்ணன் கடிதம் என் மேசையில இருக்கு. சிவப்புன்னு எழுதியிருக்கார். பொத்தானையும் எழுதியிருக்கார். ஆறு வருஷமா இந்த வேலை பாக்குறேன். இவ்வளவு காலத்துல ஒருத்தன்கூட தானா வந்து ஒத்துக்கிட்டதில்ல. இப்போ ஒரே திருட்டுக்கு ரெண்டு பேர் போட்டி போடுறீங்க."

அவரே தொடர்ந்தார்.

"ஜனவரி இருபத்திரண்டிலேருந்து இன்னிக்கு வரைக்கும் ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்த்துட்டேன்மா. உங்க கை சுத்தம். நீங்க பண்ண ஒரே மோசடி எனக்கு எழுதின இந்தக் கடிதம்தான்."

சொல்லும்போது அவர் குரல் உடைந்திருந்தது அண்ணா. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஆனால் விதி விதிதான். வல்லூறு கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அணி போட்டியிலிருந்து வெளியே. அதற்காக நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை, மறைக்கமாட்டேன். அரையிறுதிக்குப் போயிருப்போம். புகார் கொடுத்த அணியே வருத்தம் சொல்லி எழுதியிருந்தது.

ஹுமாமிடம் சொன்னேன். எழுந்து போய்விட்டான். மூன்றாம் நாள் வந்து வாசலில் நின்று, "அவன் வரட்டும். மொதல்ல ரெண்டு அறை, அப்புறம்தான் டீ" என்றான். டீக்கடையில் சிலர் உன்னைப் பற்றிக் கேலி பேசினார்களாம். "அவன் ஒத்துக்கிட்டான், உங்கள்ல எவன் ஒத்துக்குவான்?" என்று ஹுமாம் கேட்டானாம். அபூ ரகத் சொன்னார். ஆகவே நீ வரும்போது நாற்காலி இழுத்துப் போடுவார்களா என்று எனக்குத் தெரியாது. உட்கார இடம் இருக்கும்.

போன வாரம் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினேன். பெயர் பனீன். முதல் படி. ஹுமாமும் மற்ற இருவரும் தங்கள் பெரிய கணக்குகளை விட்டுவிட்டு என்னோடு முதல் படியிலிருந்து தொடங்கிவிட்டார்கள். மைக்கின் வயரையும் மாட்டிவிட்டேன். முதல் நாள் நான் "வலது பக்கம் ரெண்டு பேர்" என்று சொன்னதும் மூன்று பேரும் அப்படியே நின்று சுடப்பட்டுச் செத்தார்கள். இப்போது பழகிவிட்டது.

எங்களில் ஒருவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம், பாக்தாத் போகிறான். நாலாவது இடம் காலியாகப் போகிறது. யாரைச் சேர்க்கலாம் என்று ஹுமாம் கேட்டான். ஜூலை பத்தாம் தேதி ஒருவர் விடுப்பில் வருகிறார் என்று ஜப்பார் சொன்னார், அதுவரை பொறு என்றேன்.

அவருக்கு ஆடவே தெரியாது என்பதையும் சொல்லிவிட்டேன். பரவாயில்லை என்றார்கள்.

மீன் ஊறவைக்க அம்மா நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். இந்த முறை யாருக்கும் விடுப்பைக் கொடுத்துவிடாதே.

வாசலில் காதை வைத்துக் காத்திருக்கும் உன் தங்கை,
பனீன்